தட்டியில் ஒரு ஓட்டை

கடலோரத் தோட்டத்தில் திராட்சைக்கொடிமேல் உப்புக்காற்று அடிக்காமல் மறைத்து நின்றது ஓர் ஓலைத்தட்டி. நடுவில் ஓட்டை விழுந்ததிலிருந்து அதற்கு ஒரே குமைச்சல்.

"மன்னிச்சுக்கோ, உன் மேல உப்பு படுது."

"விடு, கொஞ்சம் கரிக்குது. அவ்வளவுதானே?" என்றது கொடி.

அந்த வருஷத்து ஒயினைக் குடித்தவர்களெல்லாம், "இனிப்புக்கு நடுவுல லேசா உப்பு! என்ன ருசி!" என்று கொண்டாடினார்கள். தோட்டக்காரர் சந்தியாகுவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தக் கொடியை இனிமே நல்லாப் பாத்துக்கணும்" என்று, ஓட்டையே இல்லாத புதுத்தட்டி கொண்டுவந்தார்.

கொடி தன் தளிர்களால் பழைய தட்டியை இறுகப் பற்றிக்கொண்டது. அவர் பக்குவமாகக் கத்தரித்துவிட்டுத் தட்டியைப் பிடுங்கினார்.

"அப்பாடா," என்றது பழைய தட்டி, "இனி உனக்குக் கரிக்காது."