உப்புக் கரித்த படம்

அன்று ராயபுரத்து வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற இக்னேஷியஸ், அவர் மனைவி சிலுவையம்மாள், அவள் தம்பி செல்வநாதன், அடுத்த வீட்டு ரோசி, பங்குச் சாமியார் அருள்பிரகாசம். தாமும் உள்ளே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் வாசலில்தான் நின்றார்கள்.

சுவரில் ஒரு படம். கீழே மெழுகுவத்திகள். படம் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாதா அழுவுறாங்க சாமி," என்றாள் ரோசி. "தொட்டு நாக்குல வெச்சேன். உப்பு கரிக்குது. கண்ணீரேதான்."

இக்னேஷியஸ் மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த மீசைதான் பந்தயம். நீர்வண்ணம் தீட்டக் கற்றுத்தரும் பழைய புத்தகங்களை அவர் மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்த அன்று செல்வநாதன் சிரித்தான்.

"புக்கைப் பார்த்து நீச்சல் கத்துக்கினவன் எவன் மாமா கீறான்?"

"படத்தைப் பார்த்த உடனே இது இன்னதுன்னு ஜனங்க சொல்லணும். சொல்லலேன்னா மீசைய எடுத்துடறேன் மச்சான்," என்றார் இக்னேஷியஸ். அவர்கள் குடும்பத்தில் மீசை எடுத்தவர் கிடையாது.

தாளை முதலில் நன்றாக நனைக்க வேண்டும், தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லின. சிலுவையம்மாள் வேறு விதமாகச் சொன்னாள். குழாயடியில் அரை நாள் நின்று பிடித்த தண்ணீரில் ஒரு டம்ளர்கூடத் தர மாட்டேன் என்றாள். எந்தத் தண்ணீர் என்று புத்தகத்தில் இல்லாததால், இக்னேஷியஸ் தெருக்கோடிக்குப் போய் கடலில் ஒரு வாளி மொண்டு வந்தார்.

வரைந்து மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது ரோசி முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

உப்பில் ஊறிய தாள் ராயபுரத்துக் காற்றில் காயவே இல்லை. கடற்காற்று ஏறும்போதெல்லாம் சொட்டியது. தெரு முழுக்கச் செய்தி பரவி, குழாயடியில் சிலுவையம்மாளின் குடத்துக்கு முதலிடம் கிடைத்துவிட்டது.

இப்போது சாமியார் அவர் பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லுங்க இக்னேஷியஸ். இது அற்புதமா?"

சிலுவையம்மாள் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு குடம் இருந்தது. ஆனால் சாமியார் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லும் குடும்பமல்ல அது.

"இல்ல சாமி. கடல் தண்ணியில வரைஞ்சேன். உப்பு ஈரத்த இழுக்குது, அவ்ளோதான்."

வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. செல்வநாதன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். சாமியார் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தருகே போனார்.

"அற்புதம் இல்லாட்டி என்ன? நீல முக்காடு, ஆசீர்வதிக்கத் தூக்கின கை, தலைக்கு மேல ஒளி. புத்தகத்தைப் பார்த்தே இவ்வளவு தத்ரூபமா வரைஞ்சிருக்கீங்களே."

செல்வநாதனின் சிரிப்பு அடங்கியது. "ஆமா மாமா. பார்த்த உடனே மாதான்னு தெரியுது. நான் தோத்துட்டேன்."

கடல் தண்ணீரானால் என்ன, மாதா மாதாதானே என்று ரோசி இன்னொரு மெழுகுவத்தி ஏற்றினாள். குடத்தின் இடம் பிழைத்தது.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் சாமியார்.

இக்னேஷியஸ் மீசையின் இரு நுனிகளையும் முறுக்கிவிட்டார்.

"நீங்க கேட்டதுக்குச் சொல்லிட்டேன் சாமி."

மீசை அவரோடு கல்லறை வரை போயிற்று. அவர் வரைந்தது மாதா படம் என்று ராயபுரத்தில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவர் வரைந்தது துறைமுகத்து மூன்றாம் நம்பர் கிரேன்.