எட்டாவது வியாழக்கிழமை

"செயின் சரியில்ல. பாரு."

கெங் அண்ணன் மோட்டார் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து லுவாவின் ரிப்பேர் கடை வாசலில் நிறுத்தினார். வாய் நிறைய பாக்கு.

லுவாவுக்குச் சுருக்கென்றது. அவர் இப்படி வருவது தொடர்ந்து எட்டாவது வியாழக்கிழமை.

எதிரே இருக்கும் கேஸ் கடையில் சிலிண்டர் போடுகிறவர்களில் மூத்தவர் கெங். அவரோடு சேர்த்து மொத்தம் பதினோரு வண்டி. பின்னால் இரண்டு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தினமும் மலைக் கிராமங்களுக்கு ஏறுகிற வண்டிகள். அதில் கெங்கின் வண்டியைத் தவிர ஒன்றுகூட இதுவரை லுவாவின் கடைக்கு வந்ததில்லை.

"போன வாரம்தானே அண்ணே சரி பண்ணிக் குடுத்தேன்?"

"அதான் சொல்றேன், பாரு."

பக்கத்துக் கடையில் சோயா பால் ஊற்றிக்கொண்டிருந்த சூசென் அக்கா, சாமான் எடுக்க வருகிற மாதிரி வந்து லுவாவின் காதில் கிசுகிசுத்தாள்.

"உன்னை விரட்டப் பாக்குறான்டி. வியட்நாம்லேருந்து வாக்கப்பட்டு வந்தவ, எங்க ஊர்ல ஸ்பேனர் பிடிக்கிறாளேன்னு வயித்தெரிச்சல்."

லுவா கல்யாணமாகித் தைவானுக்கு வந்து ஆறு வருஷம். அதற்கு முன்னால் வியட்நாமில், கான் தோ ஊரில் தன் அண்ணனின் பட்டறையில் எத்தனை செயின் மாட்டியிருப்பாள்! அவள் கை பட்ட செயின் ஒரே வாரத்தில் தொய்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் இந்த வண்டி மட்டும் முதல் வாரம் தொளதொளவென்று வந்தது. அடுத்த வாரம் தந்தி மாதிரி விறைத்து வந்தது. ஒரு வாரம் பின் சக்கரம் ஒரு பக்கமாகக் கோணி நின்றது. ஒரு வாரம் ஆக்சில் நட்டு பாதிதான் இறுகியிருந்தது.

குனிந்து செயினை விரலால் தூக்கிப் பார்த்தாள். இரண்டு விரல் ஆட்டம். கச்சிதம். சக்கரத்தை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் பார்த்தாள். எங்கும் குறை இல்லை. சக்கரம் நேராக நிற்கிறதா என்று காட்டும் அளவுக்கோடுகளையும் பார்த்தாள்: இடப்பக்கம் மூன்றாவது கோடு, வலப்பக்கமும் மூன்றாவது கோடு.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் சூசென்.

"கோடு சொல்றதை நான் நம்புறதில்லக்கா."

நூலை எடுத்தாள். பின் டயரின் இரண்டு பக்கமும் ஒட்டி முன் டயர் வரை இழுத்துப் பிடித்தாள். முன்னால் ஒரு பக்கம் இடைவெளி கூடுதல், மறுபக்கம் குறைச்சல். டேப்பை வைத்து இரண்டு பக்கமும் சக்கரத்தின் அச்சு வரை அளந்தாள். இடப்பக்கம் ஒரு நெல்லளவு குறைவாக இருந்தது.

கோடு காட்டும் தகடுகளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே, இந்த இடப்பக்கத் தகடு உங்க வண்டியோடது இல்ல. வேற வண்டியிலேருந்து கழட்டி மாட்டியிருக்கு. கோடு சரியாக் காட்டும், ஆனா சக்கரம் கோணலா ஓடும். இது தேய்மானம் இல்ல. யாரோ வேணும்னே பண்ணின வேலை."

கெங் பாக்கை மென்றபடி நின்றார்.

"சிலிண்டரோட ஏத்தத்துல போறப்ப செயின் கழண்டு சக்கரம் பூட்டிக்கிச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? நான் இங்க இருக்கிறது பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. அதுக்காக உசுரோட விளையாடுவீங்களா?"

"சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"பண்றேன். ஆனா இதுதான் கடைசி. இனி உங்க வண்டி என் கடைக்கு வேண்டாம்."

தகட்டைக் கழற்றி வீசிவிட்டு, சரியான ஒன்றை மாட்டினாள். இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தே சக்கரத்தை நேராக்கினாள். "ஏறி உக்காருங்க" என்று அதட்டி, அவர் எடையோடு செயினை மறுபடி சரி பார்த்தாள். நட்டை இறுக்கினாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டபோது ஒரே சீராக ஓடியது.

"ஆச்சு. கிளம்புங்க."

கெங் கிளம்பவில்லை. பாக்கைத் துப்பிவிட்டு, எதிர்க் கடையைப் பார்த்து விசில் அடித்தார்.

வண்டிகள் ஒவ்வொன்றாகத் தெருவைக் கடந்து வந்தன. பத்து வண்டி. லுவா ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று சூசென் பால் சட்டியை உள்ளே இழுத்தாள்.

முதலில் வந்த தடியன் ஹெல்மெட்டைக் கழற்றினான். தரையில் கிடந்த தகட்டைப் பொறுக்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"இதையுமா கண்டுபிடிச்சிட்டீங்க? நான்தான் மாட்டினேன் அக்கா. நேத்து பூரா யோசிச்சுப் பண்ணினது."

லுவாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மலை ஏறுற வண்டியை வெளிநாட்டுப் பொண்ணு கையில எப்படி நம்பிக் குடுக்கிறதுன்னு நாங்கதான் பேசினோம். கெங் அண்ணன் ஒத்துக்கல. 'என் வண்டியை எப்படி வேணா கெடுங்கடா. எட்டு வாரம். அவ ஒண்ணைக் கண்டுபிடிக்காம விட்டாலும் நான் வேற கடை பாத்துக்கிறேன். விடலைன்னா எல்லாரும் அவகிட்ட வரணும்'னாரு. தோத்துட்டோம். எங்க வண்டியெல்லாம் இனிமே உங்க பொறுப்பு."

லுவா கெங்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு விட்டிருந்தா? நீங்க அப்புறம் சரி பாத்துப்பீங்கதானே அண்ணே?"

தடியன்தான் பதில் சொன்னான்.

"என்னத்தைக் கெடுத்தோம்னு அவர்கிட்ட சொல்ல வந்தா காதைப் பொத்திக்குவாரு அக்கா. எட்டு வாரமும் நீங்க 'ஆச்சு'ன்னு சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் சிலிண்டரோட மலை ஏறினாரு."