ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பத்தொரு பேர்

பாலம் இருந்த இடத்தில் இரண்டு மரத்தூண்கள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன.

மூன்று நாள் மழை. மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் எஸ்டேட் அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூலிகள் குடியிருக்கும் ஒரே ஒரு லயம், அதில் நாற்பத்தொரு பேர். பின்னால் சதுப்பு, முன்னால் ஆறு. லயத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டதால் எல்லோரும் கரைமேட்டில் ஏறி நின்றார்கள்.

மேடும் சுருங்கிக்கொண்டே வந்தது.

இந்தக் கரையில் யாகப்பன் நின்றிருந்தார்.

போர்டிக்சன் சானிட்டரி போர்டில் அவர் ஓவர்சியர். சாக்கடை, கிணறு, கக்கூஸ், ரோட்டுப் பள்ளம் எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு முன் பத்தொன்பது வருடம் மதராஸ் சாப்பர் பட்டாளம். சண்டை நடக்கும் இடத்தில் ரோடும் பாலமும் போடுகிற பட்டாளம் அது. சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தவர்.

இடுப்பில் வாள் கட்டிய மனுஷன் கக்கூஸ் பார்க்க வருகிறாரே என்று ஜனங்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சாக்கடை சுபேதார். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. கோபப்பட்டதில்லை.

அன்றைக்கு ரோடு பார்க்கத்தான் வந்தார். கூடப் போர்டு கூலிகள் பன்னிரண்டு பேர்.

எஸ்டேட் துரை அன்று சிரம்பான் டவுனில் இருந்தார். எஸ்டேட் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி இராஜமாணிக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு யாகப்பன் பக்கத்தில் வந்தார்.

"போலீஸ் படகுக்கு ஆள் அனுப்பியாச்சு சார். மத்தியானத்துக்குள்ள வந்துரும்லா. நீங்க ஏதாச்சும் செஞ்சு யாராச்சும் ஆத்தோட போயிட்டா, உங்க வேலைதான் போகும்."

யாகப்பன் மேட்டைப் பார்த்தார். மத்தியானம் வரை அது இருக்காது.

"கயிறு எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ரோட்டோரம் போர்டின் காலித் தார் பீப்பாய்கள் கிடந்தன. உருட்டி வரச் சொன்னார். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைவீட்டின் பலகைகளைப் பெயர்க்கச் சொன்னார். கிராணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டுத் தானும் ஒரு பலகையைத் தூக்கினார்.

ஆற்றுக்குக் குறுக்கே கட்ட முடியாது. இழுப்பு அப்படி. யாகப்பன் கரையோரமாகவே பாலத்தைக் கட்டினார். பீப்பாய்களை ஜோடி ஜோடியாகப் பிணைத்து மேலே பலகை. தண்ணீர் ஓடும் திசையில் இருந்த கீழ்முனையை ஒரு மரத்தில் இறுக்கினார். மேல்முனையில் கயிறு கட்டிப் பன்னிரண்டு பேர் கையிலும் கொடுத்தார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார்.

ஆறே அந்தப் பாலத்தைத் தள்ளிக்கொண்டு போனது. கதவு திறப்பதுபோல அது மெல்லத் திரும்பி, அக்கரையில் போய் முட்டியது. அங்கே வீரமுத்து என்கிற பால்வெட்டுக்காரன் தண்ணீரில் குதித்து முனையைப் பிடித்து ரப்பர் மரத்தில் கட்டினான்.

ஒவ்வொருவராக வந்தார்கள்.

யாகப்பன் இக்கரை முனையில் இடுப்புத் தண்ணீரில் நின்றார். வருகிறவர்களைக் கைகொடுத்து இறக்கினார். இறங்கியவரிடம் "வந்துட்டீங்களா" என்றார். பிறகு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

முதலில் வந்த கிழவர் பதறிப்போனார். கூலிக்காரனை எந்த ஆபீசர் கும்பிட்டிருக்கிறார்? அடுத்து வந்த சின்னப் பெண் சிரித்துக்கொண்டே திருப்பிக் கும்பிட்டாள். ஆட்டுக்குட்டியோடு வந்தவனுக்கும் கும்பிடு. கர்ப்பிணிக்கும் கும்பிடு.

பலகை ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. நடுவில் நின்ற செல்லம்மா என்கிற பெண் அலறினாள். யாகப்பன் பட்டாளத்துக் குரலில் அவளை அதட்டினார். அவள் தாண்டி வந்து சேர்ந்தாள். அவளையும் கும்பிட்டார்.

கடைசியில் வீரமுத்து வந்தான். அவன் கால் கரையில் பட்டபோது அக்கரையில் மேடு இல்லை.

ஜனங்கள் அவர் காலில் விழப் போனார்கள். அவர் விடவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீரமுத்துவின் மனைவி பஞ்சாலை இடுப்பில் பிள்ளையோடு அருகே வந்தாள்.

"எங்க உசுரக் காப்பாத்தினது நீங்க. நாங்கதானே உங்களைக் கும்பிடணும். நீங்க எதுக்குங்கய்யா எங்களைக் கும்பிட்டீங்க?"

யாகப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெரிய சண்டையப்போ பஸ்ராவுக்கு மேல ஒரு ஆத்துல இதே மாதிரி போட்டேன் தாயி. இதைவிட நல்ல பாலம். அதுக்கு மெடல் குடுத்தாங்க. விடியக்காலைல எங்க பயலுக எல்லாரையும் நாந்தான் கைகொடுத்து ஏத்தி விட்டேன்."

கையில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துப் போட்டார்.

"இருட்டுற வரைக்கும் பாலத்தடியிலேயே நின்னேன். ஒருத்தனும் திரும்பி வரலை. நான் போட்ட பாலத்துல அந்தக் கரையிலேருந்து ஆள் வந்து இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்."

பஞ்சாலை தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தாள். சேலையைப் பிழிய வேண்டியிருந்தது. பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பிழிந்தாள்.

பிழிந்து முடித்த பிறகும் பிள்ளையை உடனே வாங்கிக்கொள்ளவில்லை.