கடைசியாகக் குடித்த தேதி

என் கணவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். டாக்டர் அவற்றின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

தாள் அசையவில்லை.

ஒரு வருடத்துக்கு முன்னால், இதே அறையில், அந்தத் தாள் படபடத்துக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தது நான்தான். இருபத்திரண்டு வருடமாக அவர் கீழே போட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தவள் ஆயிற்றே.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். ஈரல் வீக்கம் வடிந்துவிட்டதாம். கொழுப்பு குறைந்திருக்கிறதாம். பிரஷர் மாத்திரையை இனிமேல் பாதி போட்டால் போதுமாம். ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ அவர் பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கிவிட்ட மாதிரி.

தூக்கம் எப்படி என்று கேட்டார்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன் டாக்டர்."

தூங்குகிறார்தான். பக்கத்தில் படுத்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குத் தெரியாதா?

"இனிமே மூளையும் நல்லா தெளியும். ஞாபகசக்தி கூடும் பாருங்க" என்றார் டாக்டர்.

அதுவரை கேட்கக் கேட்க இனித்தது. அந்த இடத்தில் மட்டும் இனிக்கவில்லை.

எதை வேண்டுமானாலும் திருப்பிக் கொடுங்கள், ஞாபகத்தை மட்டும் கொடுக்காதீர்கள் என்று சொல்ல முடியுமா?

போன வருடம், பதினான்காம் தேதி ராத்திரி. அவர் வரும் சத்தம் கேட்டதும் வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் தூங்குகிற மாதிரி கிடந்தால் அவர் வம்பு வளர்க்காமல் படுத்துவிடுவார். எங்கள் குடித்தனத்தின் சூட்சுமம் அவ்வளவுதான். அவர் படுத்த பிறகு, குப்பை வண்டி விடியலிலேயே வந்துவிடுமே என்று எழுந்து, குப்பையை வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன்.

மாமனாருக்குப் புத்தி பேதலித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கதவு திறந்திருந்தால் நடக்க ஆரம்பித்துவிடுவார். அவருக்கு எட்டக் கூடாது என்றுதான் தாழ்ப்பாளை உயரத்தில் வைத்திருந்தோம்.

விடிந்து பார்த்தால் கதவு விரியத் திறந்து கிடந்தது. மாமனார் மெயின் ரோட்டில் பிணமாகக் கிடந்தார். லாரிக்காரன் நிற்கவில்லை.

யார் கதவைத் திறந்து போட்டது என்று நாத்தனார் அலறினாள். என் வாய் தானாகச் சொன்னது: "உங்கண்ணன்தான். குடிச்சிட்டு வந்தவரு தாழ்ப்பாளே போடல."

யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. குடிகாரன் தலையில் எந்தப் பழியை வைத்தாலும் கச்சிதமாக உட்காரும். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கன்னத்தில் அறை விழுந்துவிட்டது, கூடப் பிறந்தவள் கையால். என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. நாத்தனாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

பாவம்தான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் காய்ச்சல் என்று மேஸ்திரியிடம் பொய், வழுக்கி விழுந்தேன் என்று என் அம்மாவிடம் பொய் என்று அவருக்காக நான் எத்தனை சுமந்திருக்கிறேன்? எனக்காக அவர் ஒன்றே ஒன்றைச் சுமக்கட்டுமே. அதுவும் அவர் ஈரலுக்கு நல்லதாகத்தானே முடிந்தது!

இந்த ஒரு வருடமாக, படுக்கும் முன்னால், "தாழ்ப்பாள் போட்டியா?" என்று தினமும் கேட்கிறார். செய்த குற்றம் மனுஷனை ஆட்டிவைக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். "போட்டாச்சு" என்பேன்.

டாக்டரிடம் கேட்டேன். "குடிச்சப்ப நடந்ததெல்லாம்கூட இப்ப ஞாபகம் வருமா டாக்டர்?"

அவர் சிரித்தார். "போதையில பதியாம போனது போனதுதாம்மா. அது எங்கேர்ந்து வரும்?"

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். அவன் ராத்திரியும் அப்படியே போய்விடும்போல. ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு முழுசாக வந்தது.

டாக்டர் சர்டிபிகேட்டை எழுத ஆரம்பித்தார். கை நடுங்குகிறது என்று என் கணவரை லேத் மெஷினிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டிருந்தார்கள். இதைக் கொடுத்தால் பழைய வேலை கிடைக்கும். கடைசியாகக் குடித்த தேதி என்று அதில் ஓர் இடம் இருந்தது.

"பதினாலு" என்றேன். வரும்போதெல்லாம் நான்தான் சொல்வேன். "போன வருஷம், இதே மாசம்."

"பதினாலு இல்ல டாக்டர். பதிமூணு."

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பதினாலாம் தேதி ஷிப்ட் முடிஞ்சு நேரா வீட்டுக்கு வந்துட்டேன். அன்னைக்கு நான் குடிக்கல."

ஒரு நாள்தானே என்று டாக்டர் நான்கை அடித்து மூன்று என்று எழுதினார்.

என் கணவர் தாளை வாங்கி நிதானமாக நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து நடந்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

வாசலில் நின்று, தினமும் ராத்திரி கேட்கும் அதே குரலில் சொன்னார்.

"வா. கதவைச் சாத்திட்டு வா."