இரண்டாவது கடை

“ஒரு நாளைக்கு மூவாயிரம் மேடம். எத்தினி நாளு வேணும்?”

“ரெண்டு நாள்,” என்றாள் ஸ்ரீரஞ்சனி. “அண்ணா அமெரிக்காலேர்ந்து வரணும். மந்தைவெளில ஒருத்தர் ரெண்டாயிரத்து ஐநூறு சொன்னாரே?”

“அந்தாளு ஐட்டத்துல கூலிங் நிக்காது மேடம்.”

“கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் தாங்கும்னாரே?”

மறுமுனையில் கடைக்காரரின் குரல் தணிந்தது. “இன்னா மேடம், இதுக்குக்கூடவா பேரம் பேசுவாங்க?”

அவளுக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து எதுவுமே வரவில்லை.

அப்பா முப்பது வருஷம் காலேஜில் எகனாமிக்ஸ் நடத்தியவர். கால் கிலோ கத்தரிக்காய் வாங்கி வந்தாலும், “ரெண்டு இடத்துல விசாரிச்சியா?” என்பதுதான் முதல் கேள்வி. எதிரிலேயே போட்டிக்கடை இருக்கும்போது முதல் கடையில் வாங்குகிறவன் அசடு என்பார்.

“சரி, ரெண்டாயிரத்து நானூறு. அட்ரஸ் அனுப்புங்க. ஒரு மணி நேரத்துல பெட்டி வந்துரும்.”

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். தரையில், அப்பாவின் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குனிந்து, அவர் மூக்கில் நழுவியிருந்த பஞ்சைச் சரியாக வைத்தாள்.

“ரெண்டு இடத்துல விசாரிச்சுட்டேன்ப்பா.”