ஒரு கையால் ஓடுகிறவள்

"கழட்டி வச்சிட்டு ஓடுறேன் மாமா. பைக்ல வந்து அறுக்கறானுங்க. சங்கிலியோட கழுத்தும் போயிடும்" என்றாள் என் மருமகள் ஆதிரை. "என் மகன் உயிரோட இருக்கான். தாலி இல்லாத கழுத்தோட இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்றேன். "அப்போ காவலுக்கு நீங்களும் கூட ஓடி வாங்க" என்று சிரித்தாள். அன்றிலிருந்து தாலிச் சங்கிலியை ஒரு கையால் கழுத்தோடு பொத்திக்கொண்டு, மறு கையை மட்டும் வீசி தினமும் காலையில் ஓடுகிறாள். அவள் திரும்பும்வரை நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்று விடியற்காலையில் தண்ணீர்த் தொட்டியருகே திரும்பி வீட்டை நோக்கி வந்தாள். அவளுக்குப் பின்னால், விளக்கு அணைத்த பைக் ஒன்று இரண்டு பேருடன் சத்தமில்லாமல் உருண்டு வந்தது. எங்கள் குடும்பத்து ஆண்கள் தெருவில் குரலை உயர்த்தியதில்லை. வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கேட்டின் தாழ்ப்பாள் கைக்கு அகப்படவில்லை.

"ஆதிரை! தாலியக் கழட்டி எறிஞ்சிடும்மா!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஆதிரை மட்டும், என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, ஓட்டத்தை நிறுத்தி நின்றாள். நான் சொல்வதைக் கேட்பதற்காக, காதிலிருந்த இயர்போனை எடுக்க, கழுத்திலிருந்த கையை உயர்த்தினாள்.