முளைக்காத கால்

யாரு ஓசி வைத்தியம் கேக்குறது பல்லியண்ணே, நாங்களா? எங்க அணில் கூட்டம் மொத்தமும் எல்லாரையும் போல மாசாமாசம் பொதுப் பொந்துல கடலை போடுதுண்ணே! அதை வச்சுதான் மரங்கொத்தி டாக்டர் எல்லாருக்கும் கட்டுப் போடுறாரு. அந்தப் பொந்தை மூடணும்னு நாளைக்குக் கூட்டம் போட்டிருக்கீங்க. "என் வாலு அறுந்தா தானா முளைக்கும், அணிலு வாலுக்கு நான் ஏன் கொடுக்கணும்?"னு சுவரு சுவரா ஏறிக் கத்துறீங்க.

என் தங்கச்சி வாலைப் பூனை கடிச்சு மூணு நாளாச்சு. பொந்தை மூடிட்டா அவளைக் கீரியோட இன்சூரன்ஸ் கம்பெனிக்குத்தான் தூக்கிட்டுப் போகணும். அங்க மாசம் ஒரு மூட்டை கடலை கேக்குறாங்க. கட்டினாலும், "பூனை இருக்குற தெருவுல ஏன் குடியிருந்தே?"ன்னு கையை விரிச்சிடுவாங்க.

போன ஆடிக் காத்துல ஜன்னல் கதவு சாத்தி உங்க காலு நசுங்குச்சே, மறந்துட்டீங்களா? வாலு முளைக்கும், சரி. காலு முளைக்குமா? பதினோரு நாள் கட்டுப் போட்டது எங்க கடலையிலண்ணே!

நாளைக்குக் கூட்டத்துல அந்தக் காலை எல்லாரும் பாக்குற மாதிரி தூக்கிக் காட்டுங்க. காட்டிட்டு, ஊர் முன்னாடி பதில் சொல்லுங்க: எந்தக் காலை ஊனி நின்னு எங்க பொந்தை மூடச் சொல்றீங்க?